விலா எலும்பு முறிந்தவரைப் பார்த்துக்கொள்வது எப்படி: வலி மருந்து, மூச்சு, இருமல்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், தாராபுரம் ரோட்டில் டூவீலரோடு சறுக்கியவர், கட்டுத்தரையில் மாடு முட்டித் தள்ளியவர், பாத்ரூமில் வழுக்கி விழுந்த 70 வயது ஆத்தா என்று விலா எலும்பு முறிந்து வருகிறவர்கள் பலவகை. முறிவது பெரும்பாலும் 4ஆவது முதல் 9ஆவது வரையுள்ள எலும்புகளில் ஏதாவது ஒன்றோ இரண்டோ. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "மாவுக்கட்டெல்லாம் கிடையாது, மாத்திரை போட்டுக்கிட்டு வீட்டுல இருங்க" என்று அனுப்பிவிடுவார். கூட வந்தவர்களுக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எலும்பு முறிந்திருக்கிறது, கட்டு இல்லை, அப்புறம் என்னதான் வைத்தியம்?

வலியைக் குறைப்பதுதான் வைத்தியம். எலும்பு தானாகவே கூடிவிடும். 6 வாரத்தில் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் நுரையீரல் கெட்டுவிடாமல் காப்பதுதான் நம் வேலை. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு இழுக்கிறோம். ஒவ்வொரு இழுப்பிலும் முறிந்த இடம் அசையும், வலிக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், இருமலை அடக்குவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கும், சளி அங்கேயே தேங்கும், இரண்டு மூன்று நாளில் அது நிமோனியாவாகும். வயசானவர்களைச் சாய்ப்பது எலும்பைவிட இந்த நிமோனியாதான். 65 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முறிந்த எலும்பு ஒன்று கூடக் கூட நிமோனியா வாய்ப்பு 27 சதவீதமும் இறப்பு வாய்ப்பு 19 சதவீதமும் ஏறியது தெரியவந்தது.

ஆகவே மருந்து போதுமா என்பதை ஒரே கேள்வியால் முடிவு செய்யுங்கள்: நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, சளி வெளியே வரும் அளவுக்கு இவரால் இரும முடிகிறதா?

முதலில்: வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய ஆள்தானா?

65 வயதுக்கு மேல், 3 எலும்போ அதற்கு மேலோ முறிவு, ஆஸ்துமா அல்லது பீடி சிகரெட்டால் கெட்ட நுரையீரல், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழ். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்ப்பதுதான் நல்லது. பக்கத்துப் பக்கத்து எலும்புகள் மூன்று, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இடத்தில் முறிந்திருந்தால், மூச்சு இழுக்கும்போது அந்தத் துண்டு மட்டும் உள்ளே போகும், விடும்போது வெளியே வரும். அது தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்க வேண்டிய அடி.

கீழ்ப்பக்க விலா எலும்புகள், அதாவது 9க்குக் கீழே, முறிந்திருந்தால் வயிற்றையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் அந்த எலும்புகளுக்குள்ளேதான் இருக்கின்றன. முதல் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தால் அடி பலமானது என்று அர்த்தம். பெரிய ரத்தக்குழாய்களையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முறிவே இல்லை என்று ஆகிவிடாது. சாதாரண எக்ஸ்ரே பல விலா முறிவுகளைக் காட்டாது. ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலி, இருமினால் அதே இடத்தில் வலி என்றால், முறிவு என்றே வைத்துக்கொண்டு கவனியுங்கள்.

அடிபட்டது சாலை விபத்தில் என்றால், "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை; திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும், ஆனால் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. செலவுக்குப் பயந்து பாதியில் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம்.

செய்யக் கூடாத இரண்டு

கை கால் முறிந்தால் கட்டுக் கட்டுவது நமக்குப் பழக்கம். அதே பழக்கத்தில் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மார்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. கட்டினால் கொஞ்சம் இதமாக இருப்பது உண்மைதான், ஏனென்றால் நெஞ்சு அசையாது. அசையாத நெஞ்சுக்குக் கீழே நுரையீரல் விரியாது. விலாவுக்குக் கட்டு, பெல்ட், இறுக்கமான பிளாஸ்திரி எதுவும் வேண்டாம். மெடிக்கல் கடையில் விற்கும் மார்பு பெல்ட்டும் இதே கதைதான்.

இரண்டாவது, "மூச்சுப் பிடிப்பு" என்று நினைத்து எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பது. முறிந்த முனையை அழுத்தி வழித்தால் அது நுரையீரலைக் குத்திக் காற்றைக் கசிய வைக்கலாம். விழுந்து எழுந்தவருக்குப் பக்கவாட்டில் வலி என்றால், எக்ஸ்ரே எடுக்கும் வரை யாரும் கை வைக்க வேண்டாம்.

மருந்து: படிப்படியாக

ஒரே பெரிய மாத்திரையால் இந்த வலி அடங்காது. வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் கொடுப்பதுதான் முறை. கீழே சொல்லும் அளவெல்லாம் பெரியவர்களுக்கானவை. டாக்டர் சீட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

அடித்தளம் பாராசிட்டமால். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 650 மி.கி. அல்லது 1000 மி.கி. ஒரு நாளில் 4000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. எடை குறைந்தவருக்குக் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு, 40 கிலோ இருக்கும் அம்மிச்சிக்கு ஒரு வேளைக்கு 600 மி.கி. வரை. தினமும் குடிப்பவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் ஒரு நாளைக்கு 2000 மி.கி.யோடு நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்.

இதை வலிக்கும்போது மட்டும் போடக் கூடாது. முதல் வாரம் மணி பார்த்துப் போட வேண்டும். வலி ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அது வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டே கிடப்பார். தோட்டத்து வீடுகளுக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு: காலைக் கறவைக்கு எழும் 5 மணி, பகல் 11, மாலைக் கறவை நேரமான 5, இரவு 11. சரியாக ஆறாறு மணி நேரம். இரவு 11 மணி மாத்திரையைத் தூங்குகிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அதை விட்ட அன்றுதான் விடிகாலை 3 மணிக்கு வலியில் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் எழுதிய வலி மாத்திரைக்குள்ளேயே பாராசிட்டமால் கலந்திருக்கும். அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி., டிரமடால் 37.5 மி.கி.யோடு பாராசிட்டமால் 325 மி.கி. என்றெல்லாம் கூட்டு மாத்திரைகள் வருகின்றன. அது தெரியாமல் வீட்டில் இருக்கும் டோலோ 650ஐயும் சேர்த்துப் போடுவார்கள். எந்த அட்டையாக இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி "பாராசிட்டமால்" எத்தனை மி.கி. என்று பாருங்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு காலண்டர் தாளின் பின்னால் மணி, மாத்திரை, அளவு என்று மூன்று கட்டம் போட்டுக் குறித்து வைத்தால், மகன் கொடுத்ததை மருமகள் மறுபடி கொடுப்பதும் நிற்கும்.

அடுத்த படி வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரைகள்: ஐபுபுரோஃபென் 400 மி.கி. ஒரு நாளைக்கு 3 வேளை, அல்லது அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. காலையும் இரவும். விலா வலிக்கு இவை நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகுதான். இரண்டு வகையைச் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்றுதான். சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய், ரத்தம் உறையாத மாத்திரை இருந்தால் இந்த வகையே வேண்டாம். 65 தாண்டியவருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர், வலியால் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும்போது இதையும் போட்டால், சில நாளிலேயே சிறுநீரகம் அடி வாங்கலாம். பாத்ரூம் போவது குறைந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டும் போட்டும் இரும முடியவில்லை என்றால் டிரமடால் போன்றவை. 50 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, டாக்டர் சீட்டோடு மட்டும், சில நாட்களுக்கு மட்டும். வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆகாது. மன அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையோடும் சாராயத்தோடும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். கொடுத்த பிறகு எழுப்பினாலும் சரியாக எழாமல் சொக்கிக்கொண்டே இருக்கிறார், மூச்சு நிமிடத்துக்கு 10க்குக் கீழே போகிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். வயசானவர்கள் சிலர் இதைப் போட்டதும் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், இல்லாத ஆளைக் கூப்பிடுவார்கள். மருந்தாலும் இருக்கலாம், ஆக்சிஜன் குறைவதாலும் இருக்கலாம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

டிரமடால் தொடங்கும் அன்றே மலச்சிக்கலுக்கும் வழி பார்க்க வேண்டும். விலா முறிந்தவர் முக்க முடியாது. முக்கினால் உயிர் போகும் வலி, அதற்குப் பயந்து சாப்பாட்டையே குறைப்பார். இரவில் லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி., அல்லது நிறையத் தண்ணீரோடு இசப்கோல். சாப்பாட்டில் கீரை, கொய்யா, கம்பஞ்சோறு, பச்சைப்பயிறு கடைசல் சேருங்கள். ஒரே தடவையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு இன்னும் மேலே தள்ளும். அரிசியும் பருப்பும் சாதமோ சந்தகையோ, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள்.

மரக்க வைக்கும் லிடோகெய்ன் மருந்து 5 சதவீதம் உள்ள ஒட்டுப் பட்டையை வலிக்கும் இடத்துத் தோலில் ஒட்டலாம்: 12 மணி நேரம் வைத்து, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். புண் இருக்கும் தோலில் ஒட்டக் கூடாது, அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது. முதல் 2, 3 நாள் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் பலருக்கு இதமாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் தரும் மரப்பு ஊசி

மாத்திரையால் அடங்காத வலிக்கு, நரம்பை மரக்க வைக்கும் ஊசி இருக்கிறது. இதைக் கேட்டுப் பெறலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. மயக்க டாக்டர் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, முதுகெலும்புக்குப் பக்கத்துத் தசைக்குக் கீழோ, மார்பின் பக்கவாட்டுத் தசைக்குக் கீழோ மருந்தைப் பரப்புவார். முதுகுத் தசை வழி முறை 2016இல்தான் முதலில் விவரிக்கப்பட்டது. இன்று பல பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள். ஒரு ஊசி சில மணி நேரம் தாங்கும். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு வைத்தால் சில நாட்கள் வரை மருந்து கொடுக்கலாம். பக்கவாட்டு ஊசிக்கு நோயாளியை உட்கார வைக்கவோ புரட்டவோ வேண்டியதில்லை என்பதால், முதுகிலும் அடிபட்டவருக்கு அது வசதி.

எபிடியூரல், அதாவது முதுகுத்தண்டுக்குள் மெல்லிய குழாய் விட்டு மரப்பு மருந்து கொடுப்பது, இரண்டு பக்கமும் முறிந்தவருக்கு நன்றாக உதவும். ஆனால் ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவருக்குப் போட முடியாது. ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் அடைக்கலாம்.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "மாத்திரை போட்டும் இரும முடியலீங்க, நரம்பு மரப்பு ஊசி போட வாய்ப்பு இருக்குங்களா?" வலி என்று மட்டும் சொன்னால் இன்னொரு மாத்திரை எழுதுவார்கள். இரும முடியவில்லை என்று சொன்னால் கவனம் வேறு மாதிரி திரும்பும். எலும்புத் துண்டு தனியே ஆடும் நிலையில் தகடு வைத்து ஆபரேஷன் செய்வதும் உண்டு. தேவைப்பட்டால் முதல் சில நாட்களிலேயே முடிவெடுப்பது நல்லது.

மூச்சுப் பயிற்சியும் இருமலும்

மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்திருப்பார்கள். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நேராக உட்கார்ந்து, கருவியைச் சாய்க்காமல் கண்ணுக்கு நேரே பிடித்து, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுக்கமாகக் கவ்வி மெல்ல உறிஞ்ச வேண்டும். பந்துகளுக்கு மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். அது நொடிக்கு எத்தனை மி.லி. காற்று போகிறது என்ற அளவு. மூன்று பந்தையும் வெடுக்கென்று தூக்கிக் கீழே போடுவதைவிட, ஒரே பந்தை 3 நொடி மேலேயே நிறுத்தி வைப்பது நுரையீரலுக்கு நல்லது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு 10 தடவை. தலை சுற்றினால் நிறுத்தி இரண்டு நிமிடம் சும்மா மூச்சு விட்டுவிட்டுத் தொடருங்கள்.

இருமலுக்கு ஒரு தலையணையோ மடித்த துண்டோ போதும். முறிந்த இடத்தின் மேல் அதை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் மூன்று ஆழ்ந்த மூச்சு. பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவது போல "ஹா... ஹா..." என்று இரண்டு தடவை பலமாக ஊத வேண்டும். சளி தொண்டைக்கு வந்ததும் ஒரே ஒரு இருமல். இருமி முடித்ததும் தலையணையை எடுத்துவிடுங்கள். அது எப்போதும் நெஞ்சிலேயே இருந்தால் கட்டுக் கட்டியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

படுக்கை

கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்ந்து முதுகு வளையும், நெஞ்சு மடங்கும், எழுவதற்குப் பிடிமானமும் இருக்காது. கெட்டியான மெத்தையில் தலையணைகளை அடுக்கி, மேலுடம்பு அரைவாசி நிமிர்ந்திருக்கும்படி சாய்ந்து படுப்பதுதான் நல்லது. பல பேர் முதல் வாரம் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறார்கள், தப்பில்லை.

எழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பாசத்தில் எல்லோரும் செய்வது அதுதான், நோயாளி அலறுவதும் அப்போதுதான். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி முறிவில்லாத பக்கம் புரளச் சொல்லுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரம் முழங்கையை ஊன்றி அவரே எழட்டும். நீங்கள் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்தால் போதும். தினமும் நாலைந்து தடவை வாசலில் நடக்க வைக்க வேண்டும். படுத்தே கிடப்பது ஓய்வு போலத் தெரியும். சளி தேங்குவது அதில்தான்.

தினமும் எதைப் பார்த்துக் குறிப்பது

நம் ஊர்ப் பெரியவர்களிடம் "வலிக்குதுங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லை சாமி, செரியாப் போயிரும்" என்பார்கள். அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லாததும் உண்மைதான். எனவே கேட்காதீர்கள், செய்ய வைத்துப் பாருங்கள். "ஒருதரம் இருமிக் காட்டுங்க அப்பாரு" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். பாதி இருமலில் பல்லைக் கடித்து நிறுத்துகிறாரா, கை தானாக விலாவைப் பிடிக்கிறதா? அப்படியானால் மருந்து போதவில்லை. பூஜ்யம் முதல் 10 வரை வலி எத்தனை என்று கேட்பதானால், இருமிய பிறகு கேளுங்கள். 4க்கு மேல் சொன்னால் அடுத்த படி மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

இன்னொரு சுலபமான சோதனை: நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நேற்று 22 வரை எண்ணியவர் இன்று 14இல் நின்றால் ஏதோ சரியில்லை, வலி குறைந்திருப்பதாக அவர் சொன்னாலும். அதோடு காலை மாலை ஆக்சிஜன் அளவு, ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை, காய்ச்சல் மூன்றையும் அந்தக் காலண்டர் தாளிலேயே எழுதுங்கள்.

முதல் நாள் நன்றாக இருந்துவிட்டு இரண்டாம் மூன்றாம் நாள் மோசமாவது இந்த அடியின் குணம். அதனால் அந்த இரண்டு நாள் வீட்டில் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

உடனே கூட்டிப் போக வேண்டியவை: மூச்சுத் திணறல் கூடுவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போவது, ஆக்சிஜன் 94க்குக் கீழ் இறங்குவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சளியில் ரத்தம், கழுத்து அல்லது மார்புத் தோலை அழுத்தினால் நறநறவென்று காற்றுக் குமிழி நகர்வது, புதிதாக வயிற்று வலி, தலை சுற்றி விழுவது. இடப்பக்கக் கீழ் விலா முறிந்தவர் இடது தோள்பட்டை நுனியில் வலி என்றால், மண்ணீரலிலிருந்து ரத்தம் கசிவதாக இருக்கலாம், நேரம் கடத்தாதீர்கள். நுரையீரலைச் சுற்றி ரத்தமோ காற்றோ சேர்வது ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் நடக்கும்.

மருந்தைக் குறைப்பதும் வேலைக்குத் திரும்புவதும்

ஏறிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் இறங்க வேண்டும். முதலில் டிரமடால், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள். அடுத்து வீக்க மாத்திரை. கடைசியில் பாராசிட்டமால், அதையும் பகல் வேளையில் முதலில் விட்டு, இரவு வேளையைக் கடைசியில் விடுங்கள். ஒன்றைக் குறைத்த மறுநாள் இருமல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். முகம் சுளித்தால் இரண்டு நாள் பொறுத்துக் குறைக்கலாம்.

வண்டி ஓட்டுவது, தறி ஓட்டுவது, மம்பட்டி பிடிப்பது, பால் கேன் தூக்குவது எல்லாம் 6 வாரம் கழித்து, டாக்டர் பார்த்த பிறகு. டிரமடால் போடும் வரை எந்த வண்டியும் கூடாது. பீடியை முறிந்த அன்றே விட்டுவிட வேண்டும். 6 வாரம் ஆன பிறகும் புரளும்போது லேசாகச் சுருக்கென்பது பலருக்கும் இருக்கும், 12 வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். 3 மாதத்துக்குப் பிறகும் எரிச்சலாகவோ மின்சாரம் பாய்வது மாதிரியோ வலி நீடித்தால் அது நரம்பு வலி. அதற்கு மருந்து வேறு. பழைய மாத்திரையையே மறுபடி வாங்கிப் போடாமல் வலி மருத்துவரிடம் காட்டுங்கள்.